பாஸ்த்ரூ என்றால் பங்கு போடுவது இல்லை

கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் சாரல் மழையில் கம்ப்யூட்டர் பெட்டியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, லினக்ஸ் போட்டுக் குடுத்தீங்க, நல்லாத்தான் ஓடுது. ஆனா நான் எடிட் பண்ற சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் வருது. லினக்ஸுக்குள்ளயே விண்டோஸ ஓட்டி, பாஸ்த்ரூன்னு ஒண்ணு போட்டா, ஒரே கிராபிக்ஸ் கார்ட ரெண்டும் பாதி பாதி எடுத்துக்குமாமே?"

அந்தப் 'பாதி பாதி'தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பாஸ்த்ரூ பற்றிப் பேசுகிறவர்களில் நிறையப் பேர் அதை ஏதோ பாகப்பிரிவினை போல நினைத்துக்கொள்கிறார்கள். நடப்பது முழுக் கைமாற்றம். கார்டு லினக்ஸின் கையை விட்டுப் போய், உள்ளே ஓடும் விண்டோஸின் கைக்கு முழுசாக வந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால், இணையத்தில் மந்திரம் போல எழுதப்பட்டிருக்கும் ஒவ்வொரு படியும் எதற்கு என்று தானாகவே தெரியும்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். வீடு உங்களுடையது. ஓர் அறையை விருந்தாளிக்குக் கொடுக்கிறீர்கள். அவருக்கு அது தனி வீடு மாதிரி இருக்கிறது. ஆனால் தண்ணீர், கரண்ட் எல்லாம் உங்கள் வழியாகத்தான் போகிறது. அதே போல, ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸுக்குள் சாஃப்ட்வேரால் கட்டிய இன்னொரு கம்ப்யூட்டருக்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர், சுருக்கமாக வி.எம். வீட்டுக்கார லினக்ஸை ஹோஸ்ட் என்றும், உள்ளே தங்கும் விண்டோஸை கெஸ்ட் என்றும் சொல்வார்கள்.

லினக்ஸில் இதை இரண்டு பேர் சேர்ந்து செய்கிறார்கள். கேவிஎம் என்பது லினக்ஸின் மையமான கர்னலின் ஒரு பகுதி; 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பில் சேர்ந்தது. கெஸ்ட்டின் கட்டளைகளை உண்மையான புராசஸரே நேரடியாக ஓட்டும்படி பார்த்துக்கொள்வது இதன் வேலை. அதனால்தான் வி.எம்.மில் கணக்கு வேலைகள் கிட்டத்தட்ட முழு வேகத்தில் ஓடுகின்றன. மற்றதெல்லாம் கியூஎமு என்ற சாஃப்ட்வேரின் பொறுப்பு: டிஸ்க், நெட்வொர்க், சவுண்ட், திரை என்று ஒவ்வொரு கருவியையும் இருப்பது போலவே கெஸ்ட்டுக்குக் காட்டும்.

போலி நெட்வொர்க் கார்டு பரவாயில்லை. எங்கள் ஊரில் வரும் இணைய வேகத்துக்கு அதுவே அதிகம். சிக்கல் திரையில்தான். சாதாரண ஃபுல் எச்டி திரையில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 முறை வரைய வேண்டுமென்றால் 12 கோடிக்கு மேல். கிராபிக்ஸ் கார்டில் இதற்கென்றே ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கணக்கர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். போலிக் கார்டுக்கு அப்படி யாரும் இல்லை. எல்லாவற்றையும் புராசஸர் தலையில்தான் கட்டும். தேயிலை எஸ்டேட்டில் ஒரு டிவிஷன் முழுக்கப் பறிக்க வேண்டிய கொழுந்தை ஒரே ஆளிடம் விட்ட மாதிரி. ஆள் கெட்டிக்காரர்தான், ஆனால் இருட்டுவதற்குள் முடியாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வி.எம்.மில் புராசஸர் உண்மையானது, மற்ற கருவிகள் போலி, அவற்றில் திரை மட்டும் தாங்க முடியாத அளவு மெதுவாகிறது. சரி, உண்மையான கார்டையே உள்ளே கொடுத்துவிட்டால் என்ன?

கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும் பொருள் இல்லை

கொடுப்பது அவ்வளவு சுலபமாக இருந்திருந்தால் இந்த வேலைக்குப் பாஸ்த்ரூ என்று தனிப் பெயரே வந்திருக்காது. கிராபிக்ஸ் கார்டு டிவி மாதிரி, அனுப்புவதை மட்டும் காட்டும் கருவி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தானே நடமாடும். வேண்டிய படத்தை, கட்டளையை, புராசஸரைக் கேட்காமல் ரேமுக்கே நேராகப் போய் எடுத்துக்கொள்ளும். முடிந்ததைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கும். இதற்கு டிஎம்ஏ என்று பெயர். ஒவ்வொரு துண்டையும் புராசஸர் சுமந்து கொடுத்தால் வேலை நகராது என்பதால் வந்த ஏற்பாடு.

இப்போது அந்தக் கார்டைக் கெஸ்ட்டிடம் கொடுத்தால் என்ன ஆகும்? விண்டோஸ் தன் ரேம் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதாக நம்பிக்கொண்டிருக்கிறது. உண்மையில் ஹோஸ்ட் ரேமின் நடுவில் எங்கெங்கோ கிடக்கும் துண்டுகள்தான் அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. "ஆயிரமாவது இடத்தில் படம் இருக்கிறது, போய் எடு" என்று விண்டோஸ் கார்டிடம் சொல்லும். கார்டு சொன்ன பேச்சைக் கேட்டு உண்மையான ரேமின் ஆயிரமாவது இடத்துக்குப் போகும். அங்கே லினக்ஸின் சொந்தச் சரக்கு இருக்கும். படித்தால் ரகசியம் போச்சு. எழுதினால் மொத்தக் கம்ப்யூட்டரும் படுத்துவிடும்.

எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிவிஷனிலும் நாலாம் நம்பர் வீடு உண்டு. "நாலாம் நம்பரில் அரிசி மூட்டையை இறக்கு" என்றால், எந்த டிவிஷன் என்று தெரியாத வண்டிக்காரர் முதலில் கண்ணில் பட்ட நாலாம் நம்பரில் இறக்கிவிட்டுப் போவார்.

குஞ்சப்பனையில் நிற்கும் ஆள்

2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ரோட்டில் ஏறினால் குஞ்சப்பனையில் நிறுத்திப் பார்ப்பார்கள். கார்டுகளுக்கும் ரேமுக்கும் நடுவில் அப்படி ஒரு செக்போஸ்ட் மதர்போர்டு, புராசஸர் அமைப்பிலேயே உண்டு. பெயர் ஐஓஎம்எம்யூ. இன்டெல்காரர்கள் விடி-டி என்றும், ஏஎம்டிகாரர்கள் ஏஎம்டி-விஐ என்றும் சொல்வது இதைத்தான்.

நம் செக்போஸ்ட்டைவிட இதற்கு ஒரு வேலை கூடுதல். நிறுத்திப் பார்ப்பதோடு விடாமல் முகவரியையும் மாற்றி எழுதிக் கொடுக்கும். "இந்த வண்டி எந்த டிவிஷனைச் சேர்ந்தது? அந்த டிவிஷனின் நாலாம் நம்பர் உண்மையில் மலையில் எங்கே இருக்கிறது?" என்று தன்னிடம் உள்ள அட்டவணையைப் பார்த்து, வண்டியைச் சரியான வீட்டுக்கு அனுப்பும். அட்டவணையில் இல்லாத இடத்தைக் கேட்டால் வழி கிடையாது. கார்டுக்கு இது எதுவும் தெரியாது. விண்டோஸுக்கும் தெரியாது. இருவரும் தங்களுக்கு மட்டுமே மலை இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்வார்கள்.

பாஸ்த்ரூவின் உயிர் இதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் பயாஸில் இதைத் திறந்துவிட வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் முதல் வரியில் சொல்வது இதற்காகத்தான். பலர் புராசஸருக்கான விர்ச்சுவலைசேஷன் வசதியை மட்டும் திறந்துவிட்டு, "போட்டாச்சே" என்பார்கள். அது கேவிஎம்முக்கான கதவு; செக்போஸ்ட்டுக்குத் தனி சுவிட்ச். இரண்டும் திறந்திருக்க வேண்டும்.

இதிலிருந்து ஒரு பக்க விளைவும் வருகிறது. சாதாரண வி.எம்.முக்கு 16 ஜிபி கொடுத்தாலும், அது தொடாத பகுதியை லினக்ஸ் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளும். பாஸ்த்ரூவில் அது நடக்காது. கார்டு எந்த நேரத்தில் எந்த மூலைக்குப் போகும் என்று லினக்ஸுக்குத் தெரியாததால், 16 ஜிபியையும் ஆரம்பத்திலேயே ஒதுக்கி, நகர்த்த முடியாதபடி ஆணியடித்துவிடும். சீசனில் அட்வான்ஸ் வாங்கிய அறை மாதிரி, ஆள் வராவிட்டாலும் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. மொத்தம் 16 ஜிபிதான் இருக்கிறது என்பவர்கள் முதலில் ரேம் வாங்குவது நல்லது.

ஒரே எஸ்டேட் ரோட்டில் இருக்கும் வீடுகள்

புதிதாக வருபவர்கள் கைவிட்டுவிட்டுப் போகும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

செக்போஸ்ட்டைத் தாண்டுகிற வண்டியைத்தான் செக்போஸ்ட்டால் பார்க்க முடியும். மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தனியார் எஸ்டேட் ரோட்டில் நாலு பங்களா இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பங்களாவிலிருந்து அடுத்த பங்களாவுக்கு வண்டி போனால் குஞ்சப்பனையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அந்த நாலு பேரையும் ஒரே குடும்பமாகக் கணக்கில் வைப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை.

மதர்போர்டிலும் அப்படியே. கார்டு செருகும் ஸ்லாட்டுகளில் சில ஒரு பொதுப் பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பாதையில் இருக்கும் கருவிகள் ஐஓஎம்எம்யூ கண்ணில் படாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியும் என்றால், கர்னல் அவற்றை ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறது. இந்தக் கட்டுக்குப் பெயர் ஐஓஎம்எம்யூ குரூப். விதி ஒன்றுதான்: ஒரு குரூப்பில் உள்ள ஒரு கருவியைக் கெஸ்ட்டிடம் கொடுத்தால், அதே குரூப்பில் உள்ள மற்றவை ஹோஸ்ட்டின் பயன்பாட்டில் இருக்கக் கூடாது.

பொதுவாக, புராசஸரோடு நேராக இணைந்த மேல் ஸ்லாட் தனி குரூப்பாக இருக்கும். மதர்போர்டின் துணைச் சிப்பான சிப்செட் வழியாகப் போகும் கீழ் ஸ்லாட்டுகள் லேன், யூஎஸ்பி, டிஸ்க் இணையும் சாட்டா இவற்றோடு ஒரே மூட்டையாக விழ வாய்ப்பு அதிகம். எந்த போர்டில் எப்படி என்பது அந்தந்த போர்டைப் பொறுத்தது. கர்னலே குரூப் பட்டியலை எண்ணிட்ட ஃபோல்டர்களாக வைத்திருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கட்டை வலுக்கட்டாயமாகப் பிரித்துக் காட்டும், கர்னலைத் திருத்தும் பேட்ச் ஒன்று புழக்கத்தில் உண்டு. அது தடுப்புச் சுவர் எதையும் கட்டுவதில்லை. சுவர் இருப்பதாகக் கர்னலிடம் பொய் சொல்கிறது. வீட்டில் விளையாட்டுக்காக வைத்திருப்பவர் போட்டுக்கொள்ளட்டும். வாடிக்கையாளர் ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் நான் போடமாட்டேன்.

சுருக்கமாக: கார்டு தானே ரேமுக்குப் போகும், ஐஓஎம்எம்யூ அதை எல்லைக்குள் வைத்து முகவரியைத் திருத்தும், அதன் கண்ணுக்கு எட்டாமல் சேர்ந்திருக்கும் கருவிகள் ஒரே குரூப்.

சாவி எந்த டிரைவரிடம்?

இவ்வளவும் ஹார்டுவேர். இனி லினக்ஸ் பக்கம். ஒவ்வொரு கருவியையும் இயக்கும் சாஃப்ட்வேருக்கு டிரைவர் என்று பெயர் வைத்தவர் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவராக இருக்க வேண்டும், அவ்வளவு பொருத்தம். ஒரு கருவிக்கு ஒரு நேரத்தில் ஒரு டிரைவர்தான். லினக்ஸ் எழுந்ததும் கார்டைப் பார்த்து, தன் வழக்கமான டிரைவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிடும். உட்கார்ந்தவரை ஓடும்போது எழுப்புவது பெரும் தொல்லை. சில நேரம் திரையே உறைந்துவிடும்.

அதற்காகவே விஎஃப்ஐஓ என்ற டிரைவர் இருக்கிறது. 2012-இல் கர்னல் 3.6-இல் சேர்ந்தது. இவர் வண்டி ஓட்டவே மாட்டார். சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்பார். வி.எம். எழுந்ததும் சாவியை கியூஎமுவிடம் நீட்டுவார். உள்ளே இருக்கும் விண்டோஸ் தன் சொந்த டிரைவரைப் போட்டு, ஏதோ கடையில் வாங்கிப் பொருத்திய கார்டு போலவே ஓட்டும்.

இவர் மற்றவர்களுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பதுதான் அமைப்பதில் உள்ள மொத்த சூட்சுமம். ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிப்பாளர் எண், மாடல் எண் என்று ஒரு ஜோடி அடையாளம் உண்டு. எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை காட்டும். "இந்த எண் உள்ள கருவி வந்தால் விஎஃப்ஐஓ எடுத்துக்கொள்ளட்டும்" என்று, துவக்கத்தின் முதல் கட்டத்திலேயே கர்னலுக்குப் போகும் வரியில் எழுதிவைக்க வேண்டும். கார்டில் திரைக்கு ஒன்று, எச்டிஎம்ஐ ஒலிக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு கருவிகள் இருக்கும், பட்டியலில் 01:00.0, 01:00.1 என்று அக்காள் தங்கை போல அடுத்தடுத்து நிற்கும். ஒருத்தியை மட்டும் அனுப்பிவிட்டு மற்றவளை மறந்துவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்தேன்.

இன்னொன்று. ஹோஸ்ட்டுக்கு ஒன்று, கெஸ்ட்டுக்கு ஒன்று என்று ஒரே மாடலில் இரண்டு கார்டு வாங்காதீர்கள். அடையாள எண் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் விஎஃப்ஐஓ இரண்டு சாவியையும் வாங்கிக்கொள்ளும். ஸ்லாட் முகவரியை வைத்துப் பிரிக்க வழி இருக்கிறது, ஆனால் முதல் முறை செய்பவருக்கு அந்தத் தலைவலி எதற்கு?

ஜன்னலில் கறுப்புத் திரை

எல்லாம் சரியாகப் போட்டு வி.எம்.மை எழுப்பியதும், லினக்ஸில் தெரியும் ஜன்னலில் படம் வராது. "போச்சு" என்று அங்கேயே கலைத்துவிடுபவர்கள் உண்டு. கார்டு இப்போது விண்டோஸுக்குச் சொந்தம். படம் அந்தக் கார்டின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ துளையில்தான் வரும்; மானிட்டர் கேபிளை அங்கே செருக வேண்டும். பழைய பயாஸ் முறைக்குப் பதில் வி.எம்.முக்கு அதன் புதிய வடிவமான யூஇஎஃப்ஐயைத் தேர்ந்தெடுத்தால் தொல்லை குறைவு. கீபோர்டு, மவுஸ் இரண்டையும் தனியாக உள்ளே அனுப்ப வேண்டும். கேபிள் மாற்றச் சோம்பல்படுபவர்களுக்கு லுக்கிங் கிளாஸ் என்ற சாஃப்ட்வேர் உண்டு. கார்டு வரைந்த படத்தை ரேம் வழியாக ஹோஸ்ட்டின் ஜன்னலுக்கே கொண்டுவந்து காட்டும். அது இரண்டாம் பாடம்.

பழைய கட்டுரைகளில் குறியீடு 43 என்று ஒரு பிழையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். என்விடியாவின் வீட்டு உபயோகக் கார்டு டிரைவர், தான் வி.எம்.முக்குள் இருப்பது தெரிந்தால் வேலை செய்ய மறுத்த காலம் அது. 2021-இல் 465 வரிசை டிரைவரோடு அந்த நிறுவனமே அதை அனுமதித்துவிட்டது. கட்டுரையின் தேதியைப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

ஏஎம்டியின் சில பழைய மாடல்களில் வேறு ஒரு கோளாறு: வி.எம்.மை மூடித் திரும்ப எழுப்பினால் கார்டு எழுந்திருக்காது, மொத்தக் கம்ப்யூட்டரையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். வாங்குவதற்கு முன் அந்த மாடலின் பெயரோடு ரீசெட் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

தம்பியின் பெட்டியைத் திறந்தபோது

அவருடைய புராசஸர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து. இன்டெல்லில் அப்படியென்றால் உள்ளேயே வரும் கிராபிக்ஸ் கிடையாது. கார்டும் ஒன்றே ஒன்று. அதை விண்டோஸிடம் கொடுத்தால் லினக்ஸுக்குக் கண் போய்விடும். "அதான் பாதி பாதின்னு கேட்டேன்" என்றார். ஒரு கார்டைப் பல வி.எம்.களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நுட்பம் இருக்கிறது. அது பெரும்பாலும் சர்வர்களுக்கான கார்டுகளில் கிடைக்கும். அவருடையது அந்த ரகம் இல்லை. ஒரே கார்டையே வி.எம். எழும்போது கொடுத்து, மூடும்போது திரும்ப வாங்கும் வித்தையும் செய்கிறார்கள். ஆனால் அந்த நேரம் முழுக்க லினக்ஸ் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, வேண்டியதை ரீஸ்டார்ட் செய்து எடுத்துக்கொள்வதே மேல். வி.எம். என்று கண்டுபிடித்தாலே உள்ளே விடாத ஆன்லைன் கேம்கள் ஆடுபவருக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

இவருக்கு ரெண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். என்னிடம் ஒரு பழைய சின்னக் கார்டு தூங்கிக்கொண்டிருந்தது. முதலில் அதை மேல் ஸ்லாட்டில் போட்டுப் பெரிய கார்டைக் கீழே இறக்கினேன். குரூப் பட்டியலைப் பார்த்தால், பெரிய கார்டு லேன் சிப்போடும் யூஎஸ்பியோடும் ஒரே மூட்டையில். விண்டோஸிடம் கொடுத்தால் லினக்ஸுக்கு இணையமும் கீபோர்டும் போகும். மாற்றிப் போட்டேன்: பெரியது மேலே, தனி குரூப், சின்னது கீழே, மூட்டையோடு மூட்டையாக. மூட்டை மொத்தமும் லினக்ஸிடமே இருப்பதால் சண்டைக்கு இடமில்லை.

அதற்கப்புறம் பயாஸ் மேல் ஸ்லாட் கார்டிலேயே முதல் படத்தைக் காட்டப் பிடிவாதம் பிடித்தது. எந்தக் கார்டில் முதலில் காட்டுவது என்ற தேர்வு அந்த போர்டில் இருந்தது. சில போர்டுகளில் இருக்காது. மாற்றியதும் லினக்ஸ் சின்னக் கார்டில் எழுந்தது, பெரிய கார்டின் சாவி விஎஃப்ஐஓவிடம் போனது. நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது. மழைக்கால மலையில் இந்த வேலையை யூபிஎஸ் இல்லாமல் தொடங்கிய என்னைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அவர் கடையில் ஒரே மானிட்டர், இரண்டு கேபிள். அட்வான்ஸ் அறைக் கதையைக் கேட்டபின் 16 ஜிபி ரேம் கூடுதலாக வாங்கிப் போட்டிருக்கிறார். விண்டோஸ் வீடியோவை ரெண்டர் செய்துகொண்டிருக்கும்போது மானிட்டரின் பொத்தானை அழுத்தி லினக்ஸுக்கு வந்து பில் போடுகிறார். கீபோர்டு மட்டும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் தினம் ஒருமுறை எனக்கு போன் வருகிறது.